குழி விழுந்த சோபாவை வீட்டிலேயே சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று நம் வீடுகளில் அதிகம் இருக்கும் மூன்று பேர் அமரும் துணி சோபாவை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அடியில் மரச்சட்டம், அதன்மேல் ஸ்பிரிங் அல்லது பெல்ட், அதற்கும் மேல் ஃபோம் மெத்தை என்பது அதன் அமைப்பு. பிரம்பு நாற்காலிக்கும் ஒயர் பின்னிய நாற்காலிக்கும் வைத்தியம் வேறு.

சோபா குழி விழுந்துவிட்டது. புது ஃபோம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

சரியாகலாம். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். குழி கண்ணுக்குத் தெரிவது மேலே, மெத்தையில். அதனால் பழி முழுவதும் ஃபோமின்மேல் விழுகிறது. உட்காருபவரின் எடையை மெத்தை மட்டும் தாங்குவதில்லை. மெத்தை ஸ்பிரிங்குக்குத் தருகிறது, ஸ்பிரிங் சட்டத்துக்குத் தருகிறது, சட்டம் கால்களுக்குத் தருகிறது. இந்த வரிசையில் எது தளர்ந்தாலும் மேலே குழிதான் தெரியும். ஒரு ஸ்பிரிங் கழன்று தொங்கிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் உயர்ந்த ரக ஃபோமைப் போட்டால், அதுவும் அதே பள்ளத்தில் வளைந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபோம் கடைக்காரர் இதை உங்களிடம் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் விற்பது ஃபோம்.

கோளாறு எந்த இடத்தில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெத்தையைத் தனியாக எடுக்க முடியுமானால் வேலை எளிது. எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் உட்காருங்கள். தரை தட்டுகிறது, அல்லது எழுந்த பிறகும் பள்ளம் அப்படியே நிற்கிறது என்றால் ஃபோம் செத்துவிட்டது. தரையில் நன்றாக இருந்து, சோபாவில் வைத்தால் மட்டும் அமுங்குகிறது என்றால் ஃபோமை விட்டுவிடுங்கள். குறை கீழே இருக்கிறது.

அடுத்து, மெத்தை இல்லாத வெறும் சோபாவின்மேல் முன்கட்டையிலிருந்து பின்கட்டைக்கு ஒரு நேரான கம்பையோ மீட்டர் ஸ்கேலையோ குறுக்கே வையுங்கள். ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் நடுப்பகுதி கம்பை மேல்நோக்கி முட்டும், அல்லது தொட்டுக்கொண்டாவது இருக்கும். கம்புக்கும் துணிக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் ஸ்பிரிங்கோ பெல்ட்டோ தளர்ந்திருக்கிறது. உள்ளங்கையால் இடமிருந்து வலமாக அழுத்திக்கொண்டே போங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை திடீரென்று உள்ளே போனால் ஒரு ஸ்பிரிங் கழன்றிருக்கிறது. எங்கும் ஒரே மாதிரி தளர்ச்சியாக இருந்தால் பெல்ட் முழுவதும் நீண்டுவிட்டது என்று கொள்ளலாம்.

கடைசியாக ஒருவரை உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் தரையில் படுத்து முன்கட்டையைப் பாருங்கள். கட்டையே வில்லாக வளைகிறதா, மூலையில் பிளவு திறந்து மூடுகிறதா? அப்படியானால் அது தச்சு வேலை.

மெத்தை சோபாவோடு சேர்த்தே தைக்கப்பட்டிருக்கிறது. இதை எப்படிப் பார்ப்பது?

அடிப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து சோபாவைப் பழைய போர்வைமேல் முதுகுப்புறமாகச் சாய்த்து வையுங்கள். அடியில் ஒரு மெல்லிய கறுப்புத் துணி ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டப்பட்டிருக்கும். அது தூசிக்காகப் போட்டது. எடை எதையும் தாங்குவதில்லை. தட்டையான ஸ்குரூடிரைவரை நுழைத்துப் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி, மூன்று பக்கம் மட்டும் அவிழ்த்தால் போதும். முழுவதும் கிழித்து எறிந்துவிடாதீர்கள். பிறகு அதே துணியைத் திரும்ப அடிக்கலாம். அதை மூடாமல் விட்டால் எலிக்கும் கரப்பான் பூச்சிக்கும் அதைவிடச் சொகுசான வீடு கிடைக்காது.

சோபா உத்தரவாதக் காலத்தில் இருந்தால் ஒரு பின்னைக்கூடத் தொடாதீர்கள். திறந்த தடயம் தெரிந்தால் நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும்.

உள்ளே பாம்பு போல வளைந்த கம்பிகள் இருக்கின்றன. ஒன்று கழன்று தொங்குகிறது. நானே மாட்டலாமா?

மாட்டலாம். வீட்டில் செய்யக்கூடிய சோபா வேலைகளில் மிகவும் பலன் தருவது இதுதான். இதை ஜிக்ஜாக் ஸ்பிரிங் என்பார்கள். முன்கட்டைக்கும் பின்கட்டைக்கும் இடையே, 4 அல்லது 5 அங்குல இடைவெளியில் வரிசையாக இருக்கும். இரு முனைகளும் கட்டையில் ஆணியடித்த சிறு இரும்புக் கிளிப்பில் மாட்டியிருக்கும். பெரும்பாலும் கம்பி உடைவதில்லை. கிளிப்பின் ஆணி மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. விலை குறைந்த சோபாக்களில் சட்டம் மென்மரமாகவோ துகள் பலகையாகவோ இருப்பதால் ஆணிக்குப் பிடிப்பு இருக்காது.

அதனால் பழைய ஓட்டையிலேயே திரும்ப ஆணி அடிப்பது வீண். கிளிப்பை அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி, புதிய இடத்தில் மெல்லிய துளை போட்டு, 1 அங்குல ஸ்குரூவால் முறுக்குங்கள். மென்மரத்தில் ஆணியைவிட ஸ்குரூ நன்றாக நிற்கும். கிளிப்புக்குள் கம்பி உட்காரும் இடத்தில் சிறிய பிளாஸ்டிக் உறை இருக்கும். அது உடைந்து போனால்தான் உட்காரும்போதெல்லாம் கிரீச் என்று சத்தம் வரும். கிடைத்தால் புது உறை போடுங்கள். இல்லாவிட்டால் தடித்த துணிப்பட்டை ஒன்றைக் கம்பியில் சுற்றுங்கள்.

கம்பியை மாட்டும்போது பின்முனையை முதலில் மாட்ட வேண்டும். அதன்பின் முன்முனையில் ஒரு பலமான கயிற்றைக் கோத்து இழுத்து, கிளிப்புக்குள் விழச் செய்ய வேண்டும். ஒருவர் இழுக்க, மற்றவர் குறடால் திருப்பி உள்ளே தள்ளினால் சுலபம். இழுவையில் இருக்கும் ஸ்பிரிங் நழுவினால் சாட்டை போல முகத்துக்கு வரும். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது.

மாட்டிய பிறகு, கம்பிகளைக் குறுக்காக இணைக்கும் கயிறோ கம்பியோ அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். எடை ஒரே ஸ்பிரிங்கில் விழாமல் பக்கத்து ஸ்பிரிங்குகளுக்கும் பகிர்வது அந்தக் குறுக்குக் கட்டுதான். சணல் கயிறோ நைலான் கயிறோ எடுத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டே இடக்கட்டையிலிருந்து வலக்கட்டை வரை கட்டுங்கள். இரண்டு வரிசை போதும்.

ஸ்பிரிங் உடைந்தே போயிருந்தால்?

உடைந்ததைப் பற்றவைக்க வேண்டாம். எஃகுக் கம்பியைச் சூடாக்கினால் அந்த இடத்தில் அதன் விறைப்பு போய்விடும். பழையதைக் கழற்றி அப்படியே கடைக்கு எடுத்துக்கொண்டு போய், அதே தடிமனில் அதே நீளத்தில் வாங்குங்கள். சட்டத்தின் நீளத்துக்கே ஸ்பிரிங் வாங்கினால் ஏமாற்றம்தான். அது சற்றுக் குட்டையாக இருந்து, இழுத்து மாட்டிய பின் நடுவில் ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். அந்த வளைவில்தான் உட்காரும் சுகமே இருக்கிறது. தட்டையாகிவிட்ட ஸ்பிரிங் உடையாமல் இருந்தாலும் ஆயுள் முடிந்ததுதான்.

தாத்தா காலத்து சோபா, உள்ளே குடுவை வடிவில் நின்றபடி சுருள் ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றையும் எட்டுத் திசையிலும் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள் என்றால் அதை அனுபவமுள்ள கைக்கு விட்டுவிடுங்கள். அந்த முடிச்சுகளைச் சீராகப் போடுவது தனிக் கலை.

ஸ்பிரிங் இல்லை, பாய் போலப் பின்னிய பெல்ட்தான் இருக்கிறது. அதை மாற்றுவது எப்படி?

இது எலாஸ்டிக் பெல்ட். 2 முதல் 3 அங்குல அகலத்தில் மீட்டர் கணக்கில் விற்பார்கள். பழைய சோபாக்கள் சிலவற்றில் டயர் டியூபை வெட்டிய ரப்பர்ப் பட்டையும் சில இறக்குமதி வகைகளில் நீளாத சணல் நாடாவும் இருக்கும். எதுவாக இருந்தாலும் தளர்ந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றுவது மிச்சம் அல்ல. மற்றவையும் அதே வயதுதான். புதிய பட்டை மட்டும் முரட்டுத்தனமாக எழும்பி நின்று முதுகில் உறுத்தும். மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

முதலில் முன்பின்னாக ஓடும் பட்டைகள். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போங்கள். இடைவெளி 1 முதல் 2 அங்குலத்துக்குள் இருக்கட்டும். பெல்ட்டை முன்கூட்டியே துண்டு துண்டாக வெட்டி வைக்கக் கூடாது. ஒரு முனையை மடித்து இரட்டையாக்கி, பின்கட்டையில் ஐந்தாறு பின் அடித்து, இழுத்து, முன்கட்டையில் அடித்த பிறகே வெட்ட வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். பெல்ட்டுக்குப் பெல்ட் மாறினாலும், பத்தில் ஒரு பங்கு நீளும் அளவை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். இழுக்காத பெல்ட்டில் 20 அங்குலத்துக்குப் பேனாவால் கோடு போட்டால், இழுத்த பின் அந்தக் கோடு 22 அங்குலத்துக்கு வர வேண்டும். இந்த அளவைவிட முக்கியமானது, எல்லாப் பட்டைகளிலும் இழுவை ஒன்றாக இருப்பது. கை வலிக்க வலிக்கக் கடைசிப் பட்டைகள் தளர்ந்துவிடுவது வழக்கம். கோடு போட்டுக்கொண்டால் அந்தக் குறை வராது.

பிறகு இடம் வலமாக ஓடும் பட்டைகளை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோத்துப் பின்னுங்கள். கையால் அழுத்தும் ஸ்டேப்ளரில் 10 மில்லிமீட்டர் பின் மென்மரத்தில் இறங்கும். தேக்கில் பாதியிலேயே மடங்கிவிடும். அங்கே தலை அகன்ற சிறு ஆணிகளைச் சுத்தியலால் அடிப்பதே நல்லது.

ஒரு பிளைவுட் பலகையை மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்களே?

விருந்தாளி நாளை வருகிறார் என்றால் செய்யுங்கள். 9 அல்லது 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைச் சட்டத்தின் முன்கட்டையிலும் பின்கட்டையிலும் உட்காரும் அளவுக்கு வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, காற்றுப் போக ஆங்காங்கே துளையிட்டு வைக்கலாம். குழி மறைந்துவிடும். ஆனால் ஸ்பிரிங் செய்த வேலை முழுவதும் இப்போது ஃபோம் தலையில் விழுகிறது. அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும். உட்காருவதும் திண்ணையில் உட்காருவது மாதிரி இருக்கும். கடலோர ஊர்களில் துளை இல்லாத பலகைக்கும் ஃபோமுக்கும் நடுவே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிப்பதும் உண்டு. முதுகுவலிக்காரர்கள் சிலர் இந்த விறைப்பையே விரும்புகிறார்கள்; அவர்களுக்கு இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மூன்று பேர் சோபாவில் நடு இடம் மட்டும் தொய்கிறது. ஏன்?

அடியில் குனிந்து பாருங்கள், நடுவில் கால் இருக்கிறதா என்று. ஆறடி நீளக் கட்டையை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கினால் அது நடுவில் வளையத்தான் செய்யும். வீடு மாறும்போது நடுக்காலைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டு மறந்த வீடுகளும் உண்டு. தரைக்கும் கட்டைக்கும் உள்ள உயரத்தை, யாரும் உட்காராதபோது அளந்து, அதே உயரத்தில் ஒரு கட்டைக்காலை முன்கட்டைக்கு ஒன்றும் பின்கட்டைக்கு ஒன்றுமாக ஸ்குரூ போட்டு மாட்டுங்கள். சில சமயம் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

சட்டமே விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டலாமா?

மூலை இணைப்பு விட்டுப்போயிருந்தால் ஒட்டலாம். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, மர வேலைக்கான வெள்ளைப் பசையைத் தடவி, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். உள்மூலையில் முக்கோண மரக்கட்டை ஒன்றைப் பசையும் ஸ்குரூவும் போட்டுப் பொருத்துங்கள். வெறும் ஆணி போதாது. கட்டை நடுவில் பிளந்திருந்தால், பிளவுக்கு இரு பக்கமும் ஓரடி தாண்டும் நீளத்தில் இன்னொரு மரத்துண்டை அதனோடு சேர்த்து முறுக்க வேண்டும். துகள் பலகை உடைந்திருந்தால் ஒட்டுவது நேர விரயம். அந்தத் துண்டையே மரத்தால் மாற்றுங்கள்.

மரத்திலிருந்து மாவு போலப் பொடி கொட்டினாலோ மண் கோடுகள் தெரிந்தாலோ அது உளுப்பு, கரையான் விவகாரம். அதற்கு மருந்தடித்து முடிக்காமல் மேலே எந்தச் செலவும் செய்யாதீர்கள்.

கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்கிறார்கள். எண் கூடினால் கெட்டியாக இருக்கும் என்று அர்த்தமா?

இல்லை. அந்த எண் எடையைச் சொல்கிறது: ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பது. கெட்டித்தன்மை வேறு. 40 டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, 28இல் விறைப்பான ஃபோமும் உண்டு. ஃபோம் என்பது காற்றறைகளின் வலைப்பின்னல். எடை கூடினால் அறைச் சுவர்களில் சரக்கு கூடுதலாக இருக்கிறது, அதனால் அவை நெடுநாள் உடையாமல் தாங்கும். எனவே டென்சிட்டியை ஆயுளுக்காகப் பாருங்கள். கெட்டியை உட்கார்ந்து பாருங்கள். தினமும் உட்காரும் இருக்கைக்கு 32க்குக் கீழே போக வேண்டாம். நாள் முழுவதும் யாராவது அமர்ந்திருக்கும் வீடானால் 40 வாங்குங்கள், எச்.ஆர். என்று விற்கும் ரகம் அழுத்திய பின் சட்டென்று எழும்பும். முதுகுப் பகுதிக்கு 23, 28 போதும்.

சொன்ன டென்சிட்டிதானா என்று தெரிந்துகொள்ள எடை போட்டுப் பாருங்கள். 22 அங்குல நீளம், 22 அங்குல அகலம், 5 அங்குலக் கனம் உள்ள ஒரு துண்டு 32 டென்சிட்டியானால் ஏறத்தாழ 1.27 கிலோ இருக்க வேண்டும். 40 ஆனால் 1.59 கிலோ. வேறு அளவானால் மூன்று அளவுகளையும் அங்குலத்தில் பெருக்கி, 61,000ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். அதை டென்சிட்டியால் பெருக்கினால் கிலோ. எடை மட்டும் கூடட்டும் என்று சுண்ணாம்புப் பொடி கலந்து செய்யும் ஃபோமும் உண்டு. விரலால் கிள்ளிப் பார்த்தால் பொடிப்பொடியாக உதிர்வது அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

வீட்டில் முட்டி வலி உள்ள பெரியவர் இருக்கிறார். எந்த மாதிரி ஃபோம் போடுவது?

ஒரே மெத்தென்ற ஃபோம் அவருக்கு ஆகாது. அமுங்கிய இருக்கையில் முட்டி இடுப்பைவிட மேலே போய்விடும். அங்கிருந்து எழுவதுதான் வேதனை. கீழே 2 அங்குல ரீபாண்டட் ஃபோம், அதாவது துண்டு ஃபோம்களை அழுத்திச் செய்த பலநிறக் கெட்டிப் பலகை. அதன்மேல் 3 அங்குல 40 டென்சிட்டி. இந்த அடுக்கு முதலில் மெத்தென்று அமுங்கி, பிறகு தாங்கிக்கொள்ளும். அவர் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து இருக்கை 17, 18 அங்குல உயரத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குள்ளமானவர்களுக்கு உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; பாதம் தரையில் முழுவதும் படிய வேண்டும்.

வெட்டுவதும் உறைக்குள் நுழைப்பதும் எப்படி?

பழைய மெத்தையை அச்சாக வைத்துக்கொள்ளக் கூடாது. அது சுருங்கிப் போயிருக்கும். உறையை அளந்து, செய்தித்தாளில் வடிவம் வெட்டிக் கடைக்குக் கொடுங்கள். அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது, ஓரம் நேராக வரும். நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் கூடுதலாக வைத்தால்தான் உறை சுருக்கமில்லாமல் விறைத்து நிற்கும். வீட்டில்தான் வெட்ட வேண்டும் என்றால் ரொட்டி வெட்டும் பல் வைத்த நீளக் கத்தி போதும். அழுத்தாமல், நீள நீளமாக இழுத்து அறுக்க வேண்டும்.

அடுக்குகளை ஒட்ட ரப்பர் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற வகை, ஏற்றது. இரு பக்கமும் மெல்லத் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஓரங்களில் மட்டும் தடவினால் போதும்; நடுவில் தடவினால் காய்ந்து பலகை மாதிரி உறுத்தும். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். சமையலறைப் பக்கம் வேண்டாம், பூஜை விளக்கு எரியும்போதும் வேண்டாம், சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

ஃபோமின் மேலும் முன்விளிம்பிலும் கீழுமாக ஒரு சுற்று ரெக்ரான் பஞ்சு விரிப்பைப் போர்த்துங்கள். இருக்கைக்கு அந்த உப்பிய வடிவம் வருவது இதனால்தான். பிறகு பெரிய பாலித்தீன் தாளில் சுற்றி, இரண்டாக மடக்கி, உறைக்குள் முன்விளிம்பு வரை தள்ளி விரியவிட்டு, தாளை உருவி எடுத்துவிடுங்கள். தாளின்மேல் துணி வழுக்கிக்கொண்டு போகும். மூலைகளை உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகே ஜிப்பை மூட வேண்டும். ஜிப் அறுந்திருந்தால் கோணி ஊசியும் தடித்த நூலும் போதும். பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்!

பழைய ஃபோமை வெயிலில் போட்டால் எழும்புமா?

எழும்பாது, கெடும். இலவம் பஞ்சு மெத்தைக்கு நல்லது செய்யும் வெயில் ஃபோமுக்கு எமன். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி, நாளடைவில் மாவாக உதிரும். ஈரமானால் நிழலில், காற்றோட்டத்தில் நிற்க வைத்து உலர்த்துங்கள்.

எங்கள் சோபாவில் தேங்காய் நார் மெத்தை இருக்கிறது. அதைத் தூக்கிப்போடலாமா?

வேண்டாம். ரப்பர் பால் சேர்த்த நார்ப் பலகை உதிராமல் இருந்தால், அது நல்ல அடித்தளம். காற்றும் போகும். அதன்மேல் 2 அல்லது 3 அங்குல ஃபோம் போட்டுக்கொள்ளலாம். நார் துணி வழியாகக் குத்தாமல் இருக்க நடுவே ஒரு காடாத் துணி விரியுங்கள்.

ரெக்சினும் உரிகிறது. மெத்தையோடு அதையும் நானே மாற்றலாமா?

தனியாகக் கழன்று வரும் உறையானால் தையற்காரரிடம் கொடுத்துவிடலாம். சட்டத்தோடு அடித்த உறையை மாற்றுவது வேறு அளவு வேலை. ரெக்சினில் பின் போட்ட ஓட்டை ஓட்டைதான், தவறினால் மறையாது. பாலியூரிதேன் பூச்சுள்ள செயற்கைத் தோல் நம் ஊர் ஈரக் காற்றில் உரிவது இயல்பு. அதற்குப் பசையும் பாலிஷும் பலன் தராது.

முதுகைச் சாய்த்துக் கால் நீட்டும் ரிக்ளைனர் சோபாவானால்?

ஃபோமை மாற்றலாம். இரும்பு இயந்திரத்தில் கை வைக்காதீர்கள், விரல் நசுங்கும்.

ரிப்பேர்காரரையே கூப்பிடுகிறேன். என்ன கேட்க வேண்டும்?

வேலையை உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். உறை போடும் முன் ஃபோமைக் காட்டச் சொல்லி எடை போடுங்கள். மேலே ஒரு அங்குலம் நல்ல சரக்கும் உள்ளே துண்டு துணுக்குகளுமாக வைத்து மூடினால் பிறகு யாருக்கும் தெரியாது. ஸ்பிரிங், பெல்ட், கிளிப் எத்தனை மாற்றப்படும் என்பதைக் கூலி பேசும்போதே எழுதி வாங்குங்கள். 'எல்லாம் போச்சு, மொத்தமாக மாற்றணும்' என்று சோபாவைத் திறக்காமலே சொல்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். திறந்து, தட்டிப் பார்த்து, 'இது போதும்' என்று சொல்லும் ஆள் கிடைத்தால் அவருடைய எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பழைய ஃபோமை என்ன செய்வது?

நடுப்பகுதிதான் செத்திருக்கும். ஓரங்களை வெட்டி எடுத்துத் திண்டுக்கும் கதவு இடுக்குக்கும் பயன்படுத்தலாம். ரீபாண்டட் ஃபோம் செய்பவர்களுக்குத் துண்டுகள் தேவைப்படுவதால், ஃபோம் கடைகள் சில பழையதை எடுத்துக்கொள்கின்றன, கேட்டுப் பாருங்கள். போகிக்காக எடுத்து வைக்க மட்டும் வேண்டாம். பாலியூரிதேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும்.